ஆறாந் தரத்தில் கணிதம்: எந்த மொழியில், எந்தப் பாதையில்?

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்ததும் கண்டி நகரின் முன்னணிப் பாடசாலைகளின் வாயில்களில் பெற்றோர் கூடி நிற்பதை ஆண்டுதோறும் காண்கின்றோம். வெட்டுப்புள்ளி, விடுதி வசதி, பஸ் பயணம் என அனைத்தையும் துருவித் துருவி விசாரிக்கும் இப்பெற்றோர், பிள்ளை கணிதத்தை எந்த மொழியில் கற்கப்போகின்றது என்ற வினாவுக்கு மாத்திரம் ஓரிரு நிமிடங்களில் விடையளித்து விடுகின்றனர். அடுத்துவரும் ஆறு ஆண்டுகளையும் பாதிக்கக்கூடிய தீர்மானம் அது.

நமது நாட்டில் கணிதத்திற்குத் தனித்தனிப் பாதைகள் இல்லை. ஆறாந் தரம் முதல் க.பொ.த. சாதாரண தரம் வரை எல்லா மாணவருக்கும் ஒரே பாடத்திட்டம். கணிதம் கட்டாய பாடமாகும். சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கு நீண்டகாலம் மாணவர்களைத் தனித்தனிப் பிரிவுகளாக்கும் முறை நடைமுறையிலிருந்தது. 2024 இல் அது கைவிடப்பட்டு, ஒரு மாணவர் கணிதத்தை ஒரு மட்டத்திலும் மொழியை வேறொரு மட்டத்திலும் கற்க இடமளிக்கப்பட்டது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் எட்டாம் வகுப்பில் அட்சரகணிதம் கற்பிப்பது 2014 இல் நிறுத்தப்பட்டதையடுத்து எழுந்த சர்ச்சை, 2024 இல் வாக்கெடுப்பு வரை சென்றது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கணித ஆற்றலை அளந்து முத்திரை குத்துவது செல்வந்த நாடுகளுக்கும் இலகுவான காரியமாக இருக்கவில்லை.

நம்மிடையே அப்பிரிவினை மொழியின் வடிவில் வருகின்றது. உயர்தர விஞ்ஞானப் பிரிவில் 2001 இலும், ஆறாந் தரத்தில் 2002 இலும் ஆங்கில மொழிமூலக் கற்பித்தல் மீண்டும் அறிமுகமானது. தாய்மொழி, சமயம், வரலாறு ஆகியவற்றைத் தமிழிலும், கணிதம், விஞ்ஞானம் போன்றவற்றை ஆங்கிலத்திலும் கற்கலாம். வசதியுள்ள பாடசாலைகளில் மட்டுமே இத்தெரிவு உண்டு என்பது ஒருபுறமிருக்க, 'ஆங்கில வகுப்பு' கெட்டிக்காரரின் வகுப்பு என்றும், தமிழ் வகுப்பு எஞ்சியோரின் வகுப்பு என்றும் ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டதை மறுப்பதற்கில்லை.

ஆங்கில அறிவின் அவசியத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை, 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய காலத்திலேயே நவீன கல்விக்காக வாதாடியவர். பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் விரிவுரைகள் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. ஆயினும் ஆங்கிலம் கற்பது வேறு, ஆங்கிலத்தில் கணிதம் கற்பது வேறு.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒருவர் தம்மிடமிருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கைச் செலவு செய்தார். பின்னர் மீதியில் அரைவாசியைச் செலவு செய்தார். எஞ்சியது எத்தனை பங்கு? சரியான விடை மூன்றில் ஒன்று. பிள்ளை ஆறில் ஒன்று என்று கூறுமாயின், மூன்றில் ஒன்றையும் இரண்டில் ஒன்றையும் கூட்டி முழுப் பணத்திலிருந்து கழித்திருக்கின்றது. 'மீதியில்' என்ற சொல்லைக் கவனிக்கவில்லை. பின்னங்களைக் கூட்டவும் கழிக்கவும் அதற்குத் தெரிந்திருக்கின்றது. தாய்மொழியிலேயே இவ்வாறு தடுமாறும் பிள்ளையிடம் அதே வினாவை ஆங்கிலத்திற் கொடுத்தால் என்னவாகும்? மாறாக, தமிழில் தயக்கமின்றிச் செய்து, எவ்வாறு செய்தேன் என விளக்கவும் முடிந்த பிள்ளை, ஆங்கில வினாவை மெதுவாகவேனும் வாசித்து விளங்கிக்கொள்ளுமாயின் துணிந்து அனுப்பலாம். (கலைப் பட்டதாரிகளான நாமும் இக்கணக்கில் ஒருமுறை தவறியவர்களே.)

அடுத்து நோக்கவேண்டியது ஆசிரியர். ஆங்கில மொழிமூலக் கணித வகுப்பு எனப் பெயரளவில் இருந்து, பாடம் தமிழிலும் வினாத்தாள் ஆங்கிலத்திலும் அமைந்தால் பிள்ளை இரண்டுங்கெட்டான் நிலைக்கே தள்ளப்படும். அப்பாடசாலையில் பதினோராந் தரம் வரை அம்மொழியில் கற்பிக்க ஆசிரியர் இருக்கின்றாரா என்று அதிபரிடம் வெளிப்படையாகவே கேட்க வேண்டும். கேட்பதற்குப் பெற்றோருக்கு உரிமையுண்டு.

தெல்தோட்டை, கலஹா, ஹந்தானை போன்ற தோட்டப் பகுதிகளின் பெற்றோருக்கு இவ்வினாக்களே ஆடம்பரமாகத் தோன்றலாம். உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் 1ஏபி தரப் பாடசாலைகளிலேயே உள்ளன. 1சி பாடசாலைகளில் கலையும் வர்த்தகமுமே உண்டு. வகை 2 பாடசாலைகள் சாதாரண தரத்துடன் நின்றுவிடுகின்றன. சாதாரண தரத்தில் கணிதத்தில் சிறந்த சித்தி பெற்ற மாணவி, இணைந்த கணிதம் கற்பதற்காக வீட்டை விட்டு நகருக்கு வரவேண்டியிருக்கின்றது. அக்குறணை, மடவளை, கம்பளை போன்ற இடங்களில் நிலைமை சற்றே மேலானது எனினும், பெண்பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் அங்கும் உள்ளன. தெரிவு செய்யத் தெரிந்த பெற்றோருக்கும் தெரிவு செய்ய எதுவுமில்லாத பெற்றோருக்கும் இடையிலான இத்தூரத்தைக் குறைப்பது மாகாணக் கல்வி அதிகாரிகளின் பொறுப்பாகும்; தமிழ் மொழிமூலக் கணித ஆசிரியர் நியமனங்களில் இப்பாடசாலைகளுக்கு முதலிடம் வழங்குமாறு நாம் கோருகின்றோம்.

மொழிமூலத்தை மாற்ற விரும்புவோர் ஆறாம், ஏழாந் தரங்களுக்குள் அதனைச் செய்துவிடுவது நல்லது. பத்தாந் தரத்தில் மாறும் பிள்ளை, சமன்பாடு, கேத்திரகணிதம், திரிகோணகணிதம் ஆகியவற்றின் கலைச்சொற்களை எல்லாம் பரீட்சைக்கு ஈராண்டே இருக்கையில் மீண்டும் முதலிலிருந்து கற்க நேரிடும்.