நாமும் நாங்களும்: ஹவாய்த் தீவில் ஒரு சமயத் தொண்டர் அயலாரைச் சந்தித்த முறை

1. முன்னுரை

பிற நாட்டிற்குச் சென்ற ஒருவன், முன்பின் அறியாதார் வாயிலில் நின்று பேசத் தொடங்குங்கால் தன்னை எச்சொல்லாற் சுட்டுகின்றான், எதிர்நிற்பாரை எச்சொல்லால் தழுவுகின்றான் என்பது மொழியாராய்ச்சிக்கும் வாழ்வாராய்ச்சிக்கும் பொதுவானதொரு வினா. வணிகர், படைவீரர், வழிப்போக்கர் ஆகிய யாவரும் அயலாரைச் சந்திப்பவரேயாயினும், அச்சந்திப்பையே தம் நாள்வேலையாகக் கொண்டவர் சமயத் தொண்டர். அவருள்ளும் மார்மன் எனப் பிறரால் வழங்கப்படும் சபையினர் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கவர். 1830இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் தோன்றிய இச்சபை, தொடக்க முதலே தன் உறுப்பினரை ஊதியமின்றி அயலிடங்கட்கு அனுப்பி வந்துள்ளது. இக்காலத்தில் இளைஞராகிய ஆடவர் 24 திங்களும் மகளிர் 18 திங்களும் இருவர் இருவராக இணைந்து இத்தொண்டினை ஆற்றுவர்.

இச்சபையின் கொள்கையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. 1850க்கும் 1854க்கும் இடையே ஹவாய்த் தீவுகளில் வாழ்ந்த ஓர் இளந்தொண்டரின் அன்றாடச் சந்திப்புகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் மொழி ஆற்றிய பணியை விளக்குவதே ஈண்டுக் கருதியது. அம்மொழியின் தன்மைப் பன்மை தமிழின் தன்மைப் பன்மையோடு ஒரு கூற்றில் ஒத்திருத்தலின், தமிழ் மாணவர்க்கு இஃது அயற்செய்தி மட்டுமன்று.

2. தீவிற்கு வந்த பதின்மர்

ஜார்ஜ் கானன் 1827இல் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரிற் பிறந்தவர். இளமையிலேயே அமெரிக்கா சென்றவர். கலிபோர்னியாவில் தங்கம் அகழ்ந்துகொண்டிருந்த இளைஞருள் ஒருவராக இருந்தபோது தொண்டிற்கு அழைக்கப்பட்டார். அவ்வாறு அழைக்கப்பட்ட பதின்மர் 1850 டிசம்பரில் ஹொனோலூலூவில் இறங்கினர். அன்று ஹவாய் தனியரசு. மூன்றாம் கமேஹமேஹா அதன் மன்னர். அமெரிக்காவோடு அது இணைக்கப்பட்டது 1898இலேயே ஆகும்.

வந்தவர் முதலில் நாடியது அத்தீவுகளில் வாழ்ந்த வெள்ளையரையே. மாலுமிகளும் வணிகருமாகிய அவர்கள் இவர்களுக்குச் செவிசாய்த்திலர். அப்போது எழுந்தது ஒரு கருத்து வேறுபாடு. தாம் அனுப்பப்பட்டது ஆங்கிலம் பேசுவாரிடத்து மட்டுமோ, அன்றித் தீவின் மக்களிடத்துமோ என்பதே அது. தீவினர் மொழியைக் கற்பது பெருமுயற்சி. அதனைக் கற்றுத்தான் ஆகவேண்டும் என அவர்க்கு எவரும் வெளிப்படையாக ஆணையிட்டிலர். பதின்மருள் ஐவர் விரைவிலேயே தீவை விட்டுப் புறப்பட்டனர். கானன் தங்கினார், மொழியைக் கற்பதெனத் துணிந்தார். அப்போது அவர்க்கு அகவை 24.

இத்துணிவே பின் நிகழ்ந்த அனைத்திற்கும் அடிப்படை. மொழியைக் கல்லாது திரும்பியவரைக் குறைகூறுதல் தகாது. வழியொன்றும் காணாத நிலையில் அவர் திரும்பினர். ஆயினும் ஒரே கப்பலில் வந்து ஒரே மறுப்பைக் கேட்டவர், ஒரு வினாவிற்கு இருவேறு விடை கண்டனர் என்பது நோக்கற்பாலது.

3. உணவும் ஒலியும்

மொழி கற்றற்கு இன்று இச்சபையினர்க்கு யூட்டா மாநிலத்துப் புரோவோ நகரில் பயிற்சிக் கழகம் உண்டு. புறப்படுமுன் பல கிழமை அங்கு அவர் பயில்வர். கானனுக்கு அவ்வாய்ப்பில்லை. மவுயித் தீவின் லஹைனா என்னும் துறைமுக ஊரில் அவரும் இரு துணைவரும் தங்கினர். நாலிமானுயி என்னும் ஹவாய்ப் பெண்மணி தம் குடிலை இவர்கட்கு ஒழித்துக் கொடுத்துவிட்டுத் தம் மகள் இல்லத்திற்குச் சென்று தங்கினார். அயலார் மூவர்க்குத் தன் கூரையையே விட்டுக்கொடுத்த அச்செயல், இவர் போதிக்கத் தொடங்குமுன் இவர்க்குக் கிட்டிய போதனை எனலாம்.

மொழியைக் கானன் கற்ற முறை எளியது. மக்களோடு அமர்ந்து அவர் பேசுவதைக் கேட்டல், பொருள்களைக் காட்டிப் பெயர் வினவுதல், கேட்டதைத் தயங்காது பேசிப் பார்த்தல் என அதனை மூன்றாக வகுக்கலாம். தமக்கு மொழி விரைவில் விளங்கியதை இறையருளாக அவர் கருதினார். அந்நம்பிக்கையை நிறுவுதலும் மறுத்தலும் ஆராய்ச்சியின் எல்லைக்கு அப்பாற்பட்டன. அவர் நாள்தோறும் கேட்டார், பேசினார், பிழைபட்டார், திருந்தினார் என்பதோ ஐயத்திற்கு இடமற்றது.

உணவும் இக்கல்வியின் பகுதியே. சேப்பங்கிழங்கை அவித்து இடித்து, நீர் விட்டுப் பிசைந்து புளிக்கவைத்த கூழினைத் தீவினர் ‘பொயி’ என்பர். சுரைக் குடுக்கையில் வைத்துப் பலரும் ஒன்றாக அமர்ந்து விரலாலெடுத்து உண்பர். இதனை முதன்முறை சுவைத்தபோது அதன் புளித்த மணம் கானனுக்குக் குமட்டலை விளைத்தது. ஆயினும் தீவின் உட்பகுதிக்குச் சென்றால் இதுவன்றி வேறுணவு கிடைத்தல் அரிது. தமக்கென வேறு உணவு கேட்டல் விருந்தோம்புவார்க்குச் சுமையாகும். ஆகலின் அதனை விரும்பி உண்ணும் மனத்தைத் தமக்கு அருளவேண்டுமென இறைவனை வேண்டி, உண்ணப் பழகினார். பின்னர் அதுவே அவர்க்கு இனிய உணவாயிற்று. உடனுண்ண மறுப்பவன் உடனுரையாடலினின்றும் விலக்கப்படுவான் என்பது எந்நாட்டிற்கும் ஒக்கும்.

4. வேலியருகே ஒரு சந்திப்பு

1851 மார்ச்சில் கானன் மவுயித் தீவைச் சுற்றிவரத் தனியே புறப்பட்டார். வைலுகு என்னும் ஊரைக் கடந்து சென்று, பயனின்றித் திரும்பி வருங்கால், ஒரு வீட்டின் முன்னிருந்த பெண்டிர் அவரைக் கண்டனர். அயலவன் ஒருவன் செல்கின்றான் என்னும் கருத்துப்பட வீட்டிலிருந்தாரைக் கூவி அழைத்தனர். ஆடவர் மூவர் வெளியே வந்து வேலியருகே நின்று, அவர் யார், எங்குச் செல்கின்றார் என வினவினர். தெருவழிச் செல்லும் புதியவனை யாண்டும் எதிர்கொள்ளும் வினாக்களே இவை.

அம்மூவருள் ஒருவர் ஜோனத்தானா நாப்பெலா. அவ்வூரில் நீதிபதியாக இருந்தவர். 1831இல் நிறுவப்பெற்ற லஹைனாலூனாக் கல்விக்கூடத்திற் பயின்றவர். ஊஆவா, கலேயோஹானோ எனும் ஏனை இருவரும் கல்வியிற் சிறந்தவரே. கல்லாதாரைத் தேடிக் கற்பிக்கச் செல்வதாக எண்ணி வந்த இளைஞன், தன்னினும் அகவையில் மூத்த, தன் மொழியறிவினும் மிக்க தாய்மொழியறிவுடைய சான்றோரைக் கண்டான். இச்சந்திப்பில் மாணவன் யார், ஆசிரியன் யார் என எளிதிற் கூறல் இயலாது.

நாப்பெலா அவரைத் தம் இல்லத்தில் ஏற்றார். அதனால் அவர்க்கு இடரும் வந்தது. அவ்வூரில் முன்னரே நிலைபெற்றிருந்த சபையின் போதகர் புதியவர்க்கு எதிராகப் பேசினார்; அயலவனை இல்லத்தில் வைத்திருப்பின் நீதிபதிப் பதவியை இழக்க நேரிடும் என நாப்பெலா அச்சுறுத்தப்பட்டார். கானன் தம்மாற் பிறர்க்குத் தீங்கு வாராவண்ணம் கூலா என்னும் மலைச்சாரற் பகுதிக்குச் சென்றார். நாப்பெலா நட்பை விட்டாரல்லர். 1852இல் அச்சபையில் சேர்ந்தார்.

அயலாரைச் சந்தித்தலில் வருபவன் படும் துன்பமே பெரும்பாலும் எழுதப்படுகின்றது. ஏற்பவன் கொடுக்கும் விலையோ எழுதப்படுவதில்லை. வந்தவன் பின்னொருநாள் ஊர் திரும்பிவிடுவான். அவனை ஏற்றவன் தன் சுற்றத்தாரிடையே நின்று விடைகூற வேண்டும். இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளாது சமயத் தொண்டர் வரலாற்றை எழுதுதல் ஒருபாற் கோடுதலாகும்.

5. தன்மைப் பன்மையும் உளப்பாடும்

இனி மொழிச் செய்திக்கு வருவோம். ஹவாய் மொழியில் அசைகள் உயிரிலேயே முடியும். உயிரையடுத்து உயிர் வருதலும் இயல்பு. ஆகலின் ஈண்டு உடம்படுமெய் இன்றி எழுதிக் காட்டுதும். அம்மொழியில் ஒருமை, பன்மை என்பவற்றோடு இருமையும் உண்டு. முன்னின்றாரை உளப்படுத்துதலும் உளப்படுத்தாமையும் தனித்தனிச் சொற்களால் உணர்த்தப்படும். ‘காஉஅ’ என்பது யானும் நீயும் ஆகிய இருவர். ‘மாஉஅ’ என்பது யானும் பிறனொருவனும் ஆகிய இருவர், கேட்கும் நீ அல்லை. ‘காகோஉ’ என்பது உன்னையும் உளப்படுத்திய பலர். ‘மாகோஉ’ என்பது உன்னை நீக்கிய பலர்.

தமிழில் இருமை எண் இல்லை. ஆயின் இவ்வுளப்பாட்டு வேறுபாடு உண்டு. இன்றைய வழக்கில் ‘நாம்’ கேட்பாரைத் தழுவும்; ‘நாங்கள்’ விலக்கும். தொல்காப்பியர் கூறிய தன்மைப் பன்மை வினையீறுகளுள் அம், ஆம் என்பன முன்னின்றாரை உளப்படுத்தும் எனவும், எம், ஏம் என்பன படர்க்கையாரை உளப்படுத்தும் எனவும் சேனாவரையர் விளக்குவர். 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல்லும் திராவிட மொழிகளின் இவ்விருவகைப் பன்மையை ஆராய்ந்துள்ளார். தமிழுக்கும் ஹவாய் மொழிக்கும் இதனால் உறவு உண்டெனக் கொள்ளற்க. உலகின் பல மொழிகளில் தனித்தனியே காணப்படும் பண்பு இது.

ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. ஒரு சொல்லே இரண்டிற்கும் நிற்கும். ஆகலின் ஆங்கிலம் பேசுபவன் தன் கூட்டத்துள் கேட்பானைச் சேர்த்தானோ விலக்கினானோ என்பது மறைந்து கிடக்கும். ஹவாய் மொழியைப் பேசத் தொடங்கியவுடன் அம்மறைவு நீங்கும். துணைவனொடு வாயிலில் நிற்கும் தொண்டன் தன்னை முதலில் ‘மாஉஅ’ என்றே சுட்ட இயலும்: யாங்கள் இருவேம் வந்துள்ளேம், நீ வேறு. பிறகு மானிடர் குறையையும் நம்பிக்கையையும் பற்றிப் பேசுங்கால் ‘மாகோஉ’ என்பானாயின் கேட்பானைப் புறத்தே நிறுத்தியவனாவான். ‘காகோஉ’ என்பானாயின் தன்னோடு ஒருங்கு வைத்தவனாவான். இறைவனை விளித்து வேண்டுங்கால் நிலை வேறு. இறைவனே முன்னிலையாதலின் அங்குத் தமிழ்க் கிறித்தவர் ‘எங்கள்’ எனவும், ஹவாய்க் கிறித்தவர் ‘மாகோஉ’ எனவும் கூறுதல் இலக்கணத்திற்கு ஒத்தது. அதே தந்தையை அடுத்திருப்பானிடத்துப் பேசுங்கால் ‘நம் தந்தை’ எனல் வேண்டும். ஒரு நாழிகைக்குள் பன்முறை பேசுவோன் இத்தேர்வைச் செய்தாக வேண்டும்.

6. மொழிபெயர்ப்பு

கானன் 1851இலேயே மார்மன் நூலை ஹவாய் மொழியிற் பெயர்க்கத் தொடங்கினார். 1853இல் அப்பணி நிறைவுற்றது. 1855இல் சான்பிரான்சிஸ்கோவில் அச்சாயிற்று. அவர் கையாண்ட முறை மொழிபெயர்ப்பாளர் அனைவரும் கருதத்தக்கது. சில பக்கங்களைப் பெயர்த்தபின் அவற்றை நாப்பெலாவிற்குப் படித்துக் காட்டுவார். இவ்வாசகம் தங்கட்கு என்ன பொருள் தருகின்றது என வினவுவார். நாப்பெலா கூறும் பொருள் தாம் கருதிய பொருளோடு ஒவ்வாதாயின் வாசகத்தைத் திருத்துவார். சொல் சரியோ என வினவாது, கேட்பான் உள்ளத்தில் விளைந்த பொருள் யாது என வினவியதே இம்முறையின் சிறப்பு.

மூலத்தில் தன்மைப் பன்மைச் சொல் வருமிடந்தோறும் உளப்படுத்துவதோ நீக்குவதோ என ஒன்றைத் துணிதல் வேண்டும் என்பது மேற்காட்டிய இலக்கணத்தாற் பெறப்படும். ஆகலின் அந்நூலின் ஹவாய் வடிவம் ஒருவர் ஆக்கமன்று. வேலியருகே சந்தித்த அயலார் இருவர் கூடி அமர்ந்து செய்த ஆக்கம் எனல் பொருந்தும்.

7. சென்னையில் நிகழ்ந்தது

அதே காலத்தில் இச்சபையினர் தமிழகத்திற்கும் வந்தனர். ஸ்காத்லாந்தில் பிறந்த ரிச்சர்டு பாலன்டைன் 1853 ஜூலையில் சென்னையை அடைந்து, ஏறத்தாழ ஓராண்டு தங்கினார். ஆங்கிலத்தில் திங்களிதழ் ஒன்றும் வெளியிட்டார். அவர் பணி பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்தாரிடையே நடந்தது. சேர்ந்தோர் மிகச் சிலரே. ஹவாயிலோ சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தனர்.

இவ்வேறுபாட்டிற்கு மொழியொன்றே காரணம் எனக் கூறல் மிகையாகும். காலக்குறுக்கம், உடல்நலக் குறைவு, கும்பினி ஆட்சியின் சூழல், இந்நாட்டின் பழைய சமய வாழ்வு ஆகியனவும் கருதற்குரியன. ஆயினும் சென்னையில் ஒரு நாப்பெலா அவர்க்கு வாய்த்திலர். வாய்ப்பதற்குரிய தமிழ் உரையாடலும் நிகழ்ந்திலது.

8. முடிவுரை

கானன் 1854இல் தீவை விட்டு நீங்கினார். அவ்வாண்டே 15 அகவையில் அங்கு வந்த ஜோசப் எஃப். ஸ்மித் என்பார், தாய் தந்தையரை இழந்தவர். மொலோக்காய்த் தீவில் நோயுற்றுக் கிடந்தபோது ஒரு ஹவாய்ப் பெண்மணி தாய்போற் பேணினார். பிற்காலத்தில் சபைத்தலைவராக அவர் மீண்டும் ஹொனோலூலூ வந்தபோது, பார்வையிழந்த முதியவராய் அப்பெண்மணி வாழைப்பழத்தோடு வந்து அவர் பெயர் கூறி அழைத்தார் என்பர்.

நாப்பெலாவின் முடிவும் அறியற்பாலது. அவர் மனைவியைத் தொழுநோய் பற்றியபோது, அரசு நோயாளரை மொலோக்காயின் கலவுபாபாவில் ஒதுக்கி வைத்தது. நாப்பெலா நோயற்றவராயிருந்தும் 1873இல் மனைவியோடு துணையாளாக அங்குச் சென்றார். பின் அந்நோய்க்கே தாமும் ஆட்பட்டு 1879இல் மறைந்தார். கானன் தம் ஹவாய் வாழ்வைப் பற்றிய நூலை வெளியிட்டதும் அதே ஆண்டிலாகும். 1900இல், பணி தொடங்கி ஐம்பதாண்டு நிறைந்த விழாவிற்குக் கானன் தீவிற்கு மீண்டும் வந்து, நாற்பத்தாறு ஆண்டுக்குப்பின் அம்மக்களோடு அவர் மொழியிலேயே பேசினார். அடுத்த ஆண்டு மறைந்தார்.

சமயத் தொண்டன் அயலானைத் தன் கூட்டத்துள் சேர்க்க வருகின்றான் என்பது வெளிப்படை. அச்சேர்க்கை வெறும் எண்ணிக்கையா, உண்மையான உளப்பாடா என்பதே ஆராயற்குரியது. குடிலை ஒழித்துக் கொடுத்தவர், வேலியருகே வினவியவர், நோயிற் பேணியவர் ஆகிய மூவரும் வந்தவனைத் தம்முள் முதலில் உளப்படுத்தியவராவர். ‘நாங்கள்’ எனச் சொல்லி வந்தவன் ‘நாம்’ எனச் சொல்லக் கற்றது அவர்களிடமே. இவ்விரு சொல்லையும் தாய்மொழியிற் பெற்றுள்ள நாம், அவற்றின் வேறுபாட்டை இலக்கண நூலில் மட்டுமன்றி மக்கள் சந்திக்கும் வாயில்களிலும் ஆராய்தல் நன்று.