மடியில் அமர்ந்தும் சொல்லாத துயரம்

தீர்த்த யாத்திரை முடித்து அயோத்திக்குத் திரும்பிய ஸ்ரீராமன், சில நாட்களில் உருமாறிப் போனான் என்கிறது யோக வாசிஷ்டம். தமிழில் ஞான வாசிட்டம் என்று பெரியோர் போற்றும் நூல் அது. அப்போது ராமனுக்குப் பதினாறு வயதுகூட நிறையவில்லை. உணவு குறைந்தது, உடல் மெலிந்தது. நித்திய கர்மங்களைக்கூடப் பணியாளர்கள் நினைவூட்ட வேண்டியதாயிற்று. தசரதர் மகனை மடியில் அமர்த்தி, மனத்தை வருத்துவது எது என்று வாஞ்சையோடு கேட்டார். ஒன்றுமில்லை என்பதற்கு மேல் ராமன் வாய் திறக்கவில்லை.

அதே ராமன், பின்னர் விசுவாமித்திரர் வந்து அமர்ந்த சபையில், அவர் கேட்டபோது உள்ளத்தில் இருந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தான். வாழ்க்கை, செல்வம், இளமை என்று ஒவ்வொன்றிலும் தனக்கு உண்டான கசப்பைச் சொல்லி முடிக்கும்வரை முனிவர்களும் மன்னரும் குறுக்கிடாமல் கேட்டிருந்தனர். வசிஷ்டரின் உபதேசம் அதற்குப் பிறகே விரிகிறது. தசரதரின் அன்பில் குறை ஏதுமில்லை. ஆயினும் தந்தையின் மடியில் சொல்ல இயலாத ஒன்றை, வெளியிலிருந்து வந்த ஒருவரிடம் மகனால் சொல்ல முடிந்தது. தன் மனம் புண்பட்டதாகத் தசரதர் குறைகூறியதாக நூலில் எங்கும் இல்லை.

இன்று பல இல்லங்களில் தாத்தா பாட்டிகளின் மனத்தைத் தைக்கும் காட்சி ஒன்று உண்டு. வாரத்தில் ஒரு மாலை, பேரனோ பேத்தியோ அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினியின் முன் அமர்கிறார்கள். முக்கால் மணி நேரம் மெல்லிய பேச்சு கேட்கிறது. விசாரித்தால், ‘கவுன்சலிங்’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வருகிறது. வேலை போய்விடுமோ என்ற அச்சமாக இருக்கலாம்; மணமாகி இரண்டே ஆண்டில் கணவன் மனைவிக்குள் எழுந்த கசப்பாக இருக்கலாம்; இரவெல்லாம் உறக்கம் வராத வேதனையாகவும் இருக்கலாம். ‘வீட்டில் இத்தனை பேர் இருக்க, முகமறியாத ஒருவரிடம் குடும்ப விஷயத்தைச் சொல்வதா?’ என்ற கேள்வி முதியவர்களின் நெஞ்சில் எழுவது இயல்பே. ‘ஏழரைச் சனியாக இருக்கும், திருநள்ளாறு போய்வந்தால் சரியாகிவிடும்’ என்று ஆறுதல் கூறுவதும் இயல்பே. திருநள்ளாறு போய்வரட்டும், அதற்காக அந்தக் கதவைத் திறக்கச் சொல்ல வேண்டியதில்லை.

கதவுக்குப் பின்னால் நடப்பது பெரும்பாலும் கேட்பதுதான். முதல் ஓரிரு அமர்வுகளில் உளவியல் ஆலோசகர் அதிகம் பேசுவதில்லை. எப்போது தொடங்கியது, உறக்கம் எப்படி, பசி எப்படி, யாரிடம் மனம்விட்டுப் பேச முடிகிறது என்று வினவுகிறார். ‘இந்த வேலையை விட்டுவிடு’, ‘அவளைப் பிரிந்துவிடு’ என்று தீர்ப்புச் சொல்வது அவருடைய பணியன்று. சிக்கிய நூற்கண்டின் நுனியைத் தேடுபவர்போல், எது பயம், எது உண்மை, இன்று செய்யக்கூடியது எது என்று பிரித்துப் பார்க்கத் துணை நிற்கிறார். மருந்து தேவைப்படும் நிலை எனத் தோன்றினால் மனநல மருத்துவரிடம் அனுப்புகிறார். ஆலோசகர் மருந்து எழுதித் தருவதில்லை.

தொலைவிலிருந்தபடி மருத்துவம் பார்ப்பதற்கான நெறிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது 2020 மார்ச் மாதத்தில், ஊரடங்கு தொடங்கிய அதே நாட்களில். கோயில் நடைகளும் அடைபட்டிருந்த அந்த நாட்கள் எவருக்கும் மறந்திராது. அடுத்து, 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று, ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசிச் சேவை நாடெங்கும் தொடங்கப்பட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதற்குத் தலைமை வழிகாட்டி. எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், இருபது மொழிகளில் தமிழும் ஒன்று. தமிழ்நாட்டில் இச்சேவைக்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயரிட்டிருப்பது பொருத்தமே. 2024 அக்டோபரில் செல்பேசிச் செயலியும், தேவைப்படுவோரை மருத்துவர் காணொளியில் காணும் வசதியும் சேர்ந்தன.

இறைவனிடம் முறையிட்டபின் மனிதரிடம் போவது நம்பிக்கைக் குறைவு ஆகாதா என்று கேட்போருக்குக் குணசீலம் விடை வைத்திருக்கிறது. திருச்சியிலிருந்து சேலம் செல்லும் வழியில், காவிரியின் வடகரையில், கையில் செங்கோல் ஏந்தி நிற்கும் பிரசன்ன வேங்கடாசலபதியின் சந்நிதிக்கு மனம் கலங்கியோரை அழைத்து வந்து ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், தங்கவைப்பது நெடுநாள் வழக்கம். உச்சிக்கால பூஜையிலும் அர்த்தஜாம பூஜையிலும் அவர்கள் முகத்தில் தீர்த்தம் தெளிக்கிறார்கள். அக்கோயிலைச் சார்ந்தே, அரசு உரிமம் பெற்ற மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. மனநல மருத்துவரும் வந்து பார்க்கிறார். தீர்த்தமும் மருந்தும் அங்கே ஒன்றையொன்று விலக்கவில்லை.

மருத்துவ உலகமும் கோயிலை அலட்சியமாக நினைத்துவிடவில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள ஒரு முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை 2000-ஆம் ஆண்டில் ஆராய்ந்த மருத்துவர்கள், நோயின் கடுமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தணிந்ததைக் கண்டு, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். அங்கே சிறப்புச் சடங்கு எதுவும் கிடையாது. கோயிலைக் கூட்டுவது, செடிகளுக்கு நீர் வார்ப்பது போன்ற எளிய பணிகளும், அச்சுறுத்தாத சூழலும் மட்டுமே.

குடும்ப ரகசியம் வெளியே போய்விடுமே என்ற அச்சத்துக்கும் சட்டத்தில் இடம் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் விவரங்களைக் காப்பது அவருடைய உரிமை என்கிறது. உயிருக்கு ஆபத்து நேரும் நிலை போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. பேரன் என்ன பேசினான் என்று தாத்தாவுக்கும் ஆலோசகர் சொல்லமாட்டார். பணம் கட்டுபவர் தாத்தாவே ஆனாலும் சொல்லமாட்டார்.

ஆயினும் திரையில் தோன்றுபவர் அனைவரும் தகுதி பெற்றவர் அல்லர். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை. முதல் பேச்சிலேயே பத்து அமர்வுகளுக்கான தொகையை முன்கூட்டிக் கேட்பவர், இத்தனை நாளில் குணம் என்று உறுதியளிப்பவர், வங்கி எண்ணையோ செல்பேசிக்கு வரும் ரகசிய எண்ணையோ கேட்பவர் ஆகியோரை விலக்குவதே நலம். ‘வாழ்வதில் பயனில்லை’ என்று ஒரு பிள்ளை சொன்னாலோ, அதற்கான அறிகுறி தெரிந்தாலோ, அடுத்த வார அமர்வுக்குக் காத்திருக்கலாகாது. தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அப்பேச்சைச் செல்லக் கோபம் என்று ஒதுக்கித் தள்ளுவதே பெரும் பிழையாக முடிகிறது.

வீட்டிலுள்ள பெரியவர்கள் செய்யக்கூடிய உதவி எளிது. சிறிய வீடுகளில் தனிமை கிடைக்காமல் மொட்டை மாடியிலும், நிறுத்திவைத்த காருக்குள்ளும் அமர்ந்து பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கலாம். காபி ஆறுகிறதே என்று கதவைத் தட்டாமல் இருக்கலாம். வெளியே வந்ததும், ‘என்ன சொன்னார்?’ என்று கேட்காமல், ‘சாப்பிடலாமா?’ என்று கேட்கலாம்.

துணையை இழந்த பின் மாலை விளக்கேற்றும் வேளையில் நெஞ்சு அடைப்பதும், அயல்நாட்டுப் பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமை அழைப்புக்காக வாரம் முழுவதும் காத்திருப்பதும் முதியோருக்குப் புதிதல்ல. பிள்ளைகளிடம் சொன்னால் கவலைப்படுவார்கள் என்று அவர்களும் ‘ஒன்றுமில்லை’ என்றே சொல்லி வைக்கிறார்கள். 14416 அவர்களுக்கும் உரியது. முதியோருக்கென்றே 14567 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை எடுப்பார்கள். பொத்தான்களை அழுத்தத் தயங்குவோர், பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தில் இவ்விரு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதிவைக்கச் சொல்லிப் பேத்தியிடம் கொடுக்கலாம்.