௹ எந்த விசையில் இருக்கிறது?

ஹட்டனில் ஒரு பலசரக்குக் கடை, தோட்டத்து ஆட்களின் பற்றுக் கணக்கைக் கணினியில் ஏற்றுகிறது என்று வையுங்கள். ரூபாவுக்கு ௹, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷ வேண்டும். மூன்றும் 2003-லேயே யுனிகோட்டில் சேர்ந்துவிட்டன. ஆனால் விசைகளின் மேல் அச்சிட்டிருக்காது.

ஏன் தேட வேண்டியிருக்கிறது? விசையை அழுத்தினால் கணினிக்குப் போவது எழுத்தல்ல, அந்த விசையின் எண் மட்டுமே. எந்த எழுத்து என்று முடிவு செய்வது விசைப்பலகை அமைப்பு. இலங்கையில் பெரும்பாலும் ரெங்கநாதன் அமைப்பு. அமைப்பில் இடமில்லாத சின்னத்தை எந்த விசையும் தராது, வேறு வழி தேட வேண்டும்.

வேர்டில் ௹-இன் யுனிகோட் எண்ணை '0பிஎஃப்9' என்று ஆங்கில விசைகளில் அடித்து ஆல்ட்டுடன் எக்ஸை அழுத்தினால் ௹ வரும். ஆனால் ஒவ்வொரு தடவையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறித் திரும்ப வேண்டும். நூறு வரிக் கணக்கில் இது பெரிய தலைவலி.

அதைவிட, செருகு பட்டியில் சின்னங்களைத் திறந்து, ௹-ஐத் தேர்ந்து, குறுக்குவிசை பொத்தானை அழுத்தி, கொன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்த ஒரு கூட்டைக் கொடுங்கள். அதை அழுத்தியதும் வேர்ட் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு சின்னத்தைச் செருகிவிடும். கொன்ட்ரோல்-எஸ் மாதிரி ஏற்கெனவே வேலையுள்ள கூட்டைத் தொடாதீர்கள், சேமிக்கும் குறுக்குவிசை போய்விடும்!

சின்னத்துக்குப் பதில் கட்டம் தெரிந்தால் குற்றம் எழுத்துருவில்தான். கோப்பை நுவரெலியாவுக்கு அனுப்பினால் சின்னம் கூடவே போகும், குறுக்குவிசை போகாது. அது உங்கள் கணினியின் வார்ப்புருக் கோப்பில் இருக்கிறது. கணினி மாற்றுமுன் அதைப் படியெடுத்து வையுங்கள்.