எழுதுகிறவருக்கு என்ன கொடுக்கலாம்?

அன்பளிப்பு நேசத்தை வளர்க்கும் என்பது நபி (ஸல்) அவர்கள் எமக்குக் கற்றுத் தந்த பாடம். ஆனால் எழுதுகிற ஒருவருக்கு அன்பளிப்புக் கொடுக்க நினைத்தவுடன் எம்மில் அநேகரின் கை பேனையை நோக்கித்தான் போகிறது. பேனை இல்லாவிட்டால் தங்க நிற விளிம்பு போட்ட டயறி. எழுதுபவர்களின் மேசை லாச்சியைத் திறந்து பாருங்கள். இப்படி வந்த பேனைகள் மை உறைந்தும், டயறிகள் ஓர் எழுத்தும் எழுதப்படாமலும் கிடக்கும். அவ்வளவு அழகான தாளில் அடித்துத் திருத்தி எழுத யாருக்கும் மனம் வராது. கதைகள் பெரும்பாலும் சீ.ஆர். கொப்பியிலோ, பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பியில் மிஞ்சிய பக்கங்களிலோதான் பிறக்கின்றன.

ஆகவே எதைக் கொடுக்கலாம் என்று யோசிக்கும் முன், எழுதுகிறவரிடம் எது குறைவாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நேரம், இடம், புத்தகத்தை வாங்குபவர், அதை உண்மையாக வாசிப்பவர். இந்த நான்கும்தான் குறைவு. நான்கையும் அன்பளிப்பாகக் கொடுக்க முடியும்.

நேரத்தை அன்பளிப்பாகக் கொடுத்த கதையொன்று அமெரிக்க இலக்கியத்தில் இருக்கிறது. ஹார்பர் லீ என்ற பெண் நியூயோர்க்கில் ஒரு விமான நிறுவனத்தில் பயணச்சீட்டுப் பதிவு செய்யும் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது எழுதி வந்தார். 1956ஆம் ஆண்டு நத்தாரின்போது அவருடைய நண்பர்களான மைக்கல் பிரவுண், ஜோய் பிரவுண் தம்பதியர் அவருக்கு ஒரு கடிதவுறையைக் கொடுத்தார்கள். ஓராண்டுச் சம்பளத்துக்குச் சமமான பணத்தைத் தருகிறோம், வேலையை விட்டுவிட்டு விரும்பியதை எழுதுங்கள் என்பதே அதிலிருந்த செய்தி. அந்த அன்பளிப்பின் பயனாக உருவான நாவல்தான் 1960இல் வெளிவந்த ‘டு கில் எ மொக்கிங்பேர்ட்’. அடுத்த ஆண்டே அது புலிட்சர் பரிசைப் பெற்றது.

ஓராண்டுச் சம்பளம் எம்மால் முடியாத காரியம். ஆனால் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் இரண்டரை மணித்தியாலம் அளவில் இருக்கிறது. எமது வீடுகளில் எழுதுகின்ற உம்மாமார், சாச்சிமார், ராத்தாமார் பலர் இஷாத் தொழுது, சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவி வைத்து, பிள்ளைகளை நித்திரையாக்கிய பிறகுதான் பேனையைத் தொடுகிறார்கள். கண் சொருகும் வேளையில் எழுதுவது இரண்டு வரியைத் தாண்டாது. “சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு தேநீர், சின்னவன், அடுப்படி எல்லாம் என் பொறுப்பு” என்று ஒரு மட்டையில் எழுதிக் கொடுங்கள். கொடுத்துவிட்டு அதன்படி நடவுங்கள். இடையில் போய் “சீனிப் போத்தல் எங்கே?” என்று கேட்டால் கொடுத்ததைத் திருப்பி எடுத்ததற்குச் சமம்.

அடுத்தது இடம். ஆங்கில எழுத்தாளர் வேர்ஜினியா வூல்ப் 1928இல் கேம்பிரிட்ஜ் பெண்கள் கல்லூரிகளில் ஆற்றிய உரைகளை விரித்து, 1929இல் ஒரு நூலாக வெளியிட்டார். பெண் எழுதுவதற்குச் சொந்த வருமானமும் தனியறையும் தேவை என்பது அந்நூலின் வாதம். எல்லா வீட்டிலும் தனியறை ஒதுக்க வசதியிராது. ஆனால் ஜன்னலோரம் ஒரு சிறிய மேசை, ஒரு மேசை விளக்கு, மற்றவர்கள் சாமான் வைக்காத ஒரு தட்டு என்பன முடியாதவை அல்ல. அந்த மேசையில் வைப்பதற்கு ஒரு புத்தகம் வாங்க விரும்பினால் நல்ல அகராதியொன்று வாங்கலாம். 1992இல் முதற்பதிப்புக் கண்ட ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ இலங்கைத் தமிழ் வழக்குகளையும் குறித்துக் காட்டுகிறது.

மூன்றாவது, புத்தகத்தை விலை கொடுத்து வாங்குவது. எமது நாட்டில் தமிழில் எழுதும் பலர் தமது கைப்பணத்திலேயே நூலை அச்சிடுகிறார்கள். முந்நூறு, ஐந்நூறு பிரதிகள் வந்து வீட்டு மூலையில் பெட்டி பெட்டியாக அடுக்கப்படும். உறவினர்கள் வந்து, “எனக்கொரு புத்தகம் தரமாட்டீங்களா?” என்று உரிமையோடு கேட்பார்கள். அந்த உரிமையை விலை கொடுத்து வாங்குவதில் காட்டினால் எவ்வளவு நல்லது! டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தாமே கையில் சுமந்து சென்று விற்றார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது வெளிவந்ததற்கு அவருடைய உழைப்போடு, காசு கொடுத்து வாங்கிய வாசகர்களும் காரணம். தெரிந்தவர் ஒருவரின் நூல் வெளிவந்தால் இரண்டு பிரதிகள் வாங்குங்கள். ஒன்று உங்களுக்கு, மற்றது பாடசாலை நூலகத்துக்கு.

நான்காவது அன்பளிப்புக்குக் காசே தேவையில்லை. வாசித்துவிட்டு “மாஷா அல்லாஹ், நல்லா இருக்கு” என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்தப் பாத்திரம் மனதில் நின்றது, எந்த இடம் விளங்கவில்லை என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுங்கள். ஒரு கேள்வியை மட்டும் கேட்காதீர்கள்: “இது யாருடைய கதை? எங்கட மாமியுடையதா?” கதையில் வரும் ஒவ்வொரு மாமியையும் குடும்பத்துக்குள் தேடத் தொடங்கினால், எழுதுபவள் அடுத்த கதையில் மாமியையே எழுத மாட்டாள். அதற்கடுத்த கதையை எழுதாமலே விட்டுவிடுவாள். பெண்கள் பலர் எழுத்தை நிறுத்துவதற்குத் திறமைக் குறைவைவிட இந்தப் பயமே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இறுதியாக, மாணவிகளான நாம் எமது கையாலேயே செய்யக்கூடிய ஒன்று. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபன முஸ்லிம் சேவையின் ‘மாதர் மஜ்லிஸ்’ நிகழ்ச்சிக்கும், பத்திரிகைகளின் வாரப் பதிப்புகளுக்கும் எழுதி, கலியாணத்துக்குப் பிறகு எழுத்தை விட்டுவிட்ட பெண்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். அவர்களிடம் பழைய பத்திரிகை நறுக்குகள் இருக்கும். பத்திரிகைத் தாள் மரக்கூழால் ஆனது. காற்றும் வெளிச்சமும் பட, அதிலுள்ள லிக்னின் என்ற பொருள் மாற்றமடைந்து தாள் மஞ்சளாகும். பின்னர் தொட்டாலே உடையும். அதற்கு முன் அவர்களின் அனுமதியோடு ஒவ்வொன்றையும் படமெடுத்து, யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சுச் செய்து, வெளிவந்த திகதியையும் பத்திரிகையின் பெயரையும் கீழே குறித்து, போட்டோக்கொப்பிக் கடையில் அச்செடுத்துக் கட்டிக் கொடுங்கள். முன்னட்டையில் அவர்களது பெயரைப் பெரிதாகப் போடுங்கள். கடைசியில் பத்து வெற்றுத் தாள்களையும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். இனி எழுதப்போவதற்கும் இடம் வேண்டுமல்லவா?