மாங்காய் அடித்த கை: இளம் ஆட்டக்காரருக்கு டென்னிஸ் சர்வ்

உலு யாம் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு கலை யாரும் கற்றுக் கொடுக்காமலேயே கைவரும். அதுதான் கல்லெறிந்து மாங்காய் வீழ்த்துவது. இடக்காலை முன் வைத்து, உடலைப் பின்னுக்குச் சாய்த்து, உச்சாணிக் கிளையைக் கண்ணால் அளந்து, கையைச் சுழற்றி விட்டால் காய் காம்போடு கீழே விழும். வீட்டுக்காரர் சத்தம் போடுவதற்குள் நாங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடி மறைந்திருப்போம்.

இந்தக் கைப்பழக்கத்துக்கும் டென்னிசுக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பது தமிழ்ப்பள்ளியை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளியில் காலடி வைத்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. டென்னிஸ் வசதி படைத்தவர்களின் விளையாட்டு என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் உண்டு. திடல் வாடகை, மட்டை, பயிற்றுநர் கட்டணம் என்று கணக்குப் போட்டால் அந்த எண்ணம் முழுப் பொய்யும் அல்ல. ஆனால் அவ்விளையாட்டின் மிக முக்கியமான அடியை ஒரு பிள்ளை பெரிய செலவின்றித் தனியாகவே பழகிக் கொள்ள முடியும். அந்த அடியைப் பற்றியதே இக்கட்டுரை.

நம் கையில் உள்ள ஒரே அடி

டென்னிசில் ஒவ்வொரு புள்ளியும் சர்வில்தான் தொடங்குகிறது. மற்ற எல்லா அடிகளும் எதிராளி அனுப்பும் பந்துக்கு நாம் தரும் பதில்கள். அவர் வேகமாக அடித்தால் நாம் ஓட வேண்டும். மெதுவாக அடித்தால் காத்திருக்க வேண்டும். சர்வ் மட்டும்தான் நம் விருப்பப்படி, நமக்குப் பிடித்த நேரத்தில், நாமே பந்தை உயர்த்தி நாமே அடிப்பது. பழகுவதற்கு எதிராளி தேவையில்லை. நான்கைந்து பழைய பந்துகளும் ஒரு சுவரும் சிறிது இடமும் போதும். துணைக்கு ஆளில்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறு எது?

மேல் நோக்கி அடிப்பதா?

விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுப்பது என் வழக்கம். பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, பந்தைக் கீழ் நோக்கி ஓங்கி அறைவது. பந்து வலையில் போய் மோதும். "மேல் நோக்கி அடி" என்றால், "அண்ணே, மேல அடிச்சா வெளியே போயிடாதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்குக் கணக்கு பதில் சொல்கிறது.

முழுத் திடலில் பின்கோட்டிலிருந்து வலைக்கு உள்ள தூரம் 11.89 மீட்டர். வலையின் நடு உயரம் 0.914 மீட்டர். வலைக்கு அப்பால் 6.40 மீட்டருக்குள் பந்து விழ வேண்டும். நூல் பிடித்தது போல் நேர்கோட்டில் அடித்து இந்தக் கட்டத்துக்குள் பந்தை இறக்க வேண்டுமானால், பந்தைத் தொடும் இடம் தரையிலிருந்து குறைந்தது 2.61 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். 1.40 மீட்டர் உயரமுள்ள பிள்ளை மட்டையோடு கையை நீட்டினாலும் ஏறக்குறைய இரண்டேகால் மீட்டர்தான் எட்டும். ஆகவே அப்பிள்ளையால் நேர்கோட்டில் அடித்துப் பந்தை உள்ளே போட இயலாது. பந்து சற்று மேலெழுந்து வலையைத் தாண்ட வேண்டும். பிறகு புவியீர்ப்பும் பந்தின் சுழற்சியும் அதைக் கீழே இழுத்து வர வேண்டும். மாங்காய்க்கு எறிந்த கல்லும் மேல் நோக்கித்தானே போனது? சர்வ் என்பது மேல் நோக்கிய ஓர் எறிதல். இதை மனத்தில் பதித்துக் கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இதே காரணத்தால்தான் சிறுவர்களுக்குச் சிறிய திடலும் மெதுவான பந்தும் பரிந்துரைக்கப்படுகின்றன. அனைத்துலக டென்னிஸ் சம்மேளனம் 2007-இல் இதற்கான இயக்கத்தைத் தொடங்கியது. 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று விதியும் வந்தது. சிவப்புப் பந்து சுமார் 11 மீட்டர் நீளத் திடலுக்கு. ஆரஞ்சுப் பந்து சுமார் 18 மீட்டர் திடலுக்கு. பச்சைப் பந்து முழுத் திடலுக்கு. பெரியவர்களின் திடலில் பெரியவர்களின் பந்தோடு பிள்ளையை நிறுத்தினால், அது எப்படியாவது பந்தைத் தள்ளிவிடத்தான் கற்றுக் கொள்ளும். அந்தத் தள்ளும் பழக்கத்தைப் பின்னர் மாற்றுவது பெரும்பாடு.

படிப்படியாகக் கற்போம்

முதலாவது, பிடி. மரக்கிளையை வெட்டப் பாராங் கத்தியை எப்படிப் பிடிப்போம்? அதன் கூர்முனை கிளையை நோக்கி இருக்கும். மட்டையின் ஓரம் பந்தை நோக்கி இருக்குமாறு அப்படியே பிடிப்பதுதான் 'கான்டினெண்டல்' பிடி. தொடக்கத்தில் இது வசதியாக இராது. தோசைக் கரண்டியைப் பிடிப்பது போல் மட்டையின் முகத்தைப் பந்துக்குக் காட்டவே கை விரும்பும். அதற்கு இடம் கொடுக்கலாகாது. கரண்டிப் பிடியில் பந்தை உள்ளே தள்ள முடியும். ஆனால் பந்துக்குச் சுழற்சி தருவது மிகக் கடினம்.

இரண்டாவது, எறிதல். மட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பழைய பந்தைக் கையால் எறிய வேண்டும். முதலில் சர்வ் கட்டத்தின் கோட்டில் நின்று, பிறகு சிறிது சிறிதாகப் பின்னுக்கு நகர்ந்து, பின்கோடு வரை போக வேண்டும். வலை இல்லையென்றால் இரண்டு கம்புகளுக்கிடையே இடுப்பளவில் கயிறு கட்டினால் போதும். எறியும்போது கால் தரையை உந்துகிறது, இடுப்பு திரும்புகிறது, பிறகு தோள், முழங்கை, கடைசியாகக் கை. பம்பரக் கயிற்றைச் சுண்டுவது போல விசை காலில் பிறந்து கைக்கு ஏறுகிறது. கையால் மட்டும் அடிப்பவர் சீக்கிரம் களைத்துப் போவார்.

மூன்றாவது, பந்தை உயர்த்துதல். நான் பார்த்தவரை சிறுவர்களின் தவறான சர்வுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. பந்தை விரல் நுனிகளில் மென்மையாக ஏந்தி, முழங்கையை மடக்காமல், கையைத் தூக்கிக் கண் மட்டத்துக்கு வந்ததும் விரல்களைத் திறந்துவிட வேண்டும். மணிக்கட்டால் சுண்டினால் பந்து எங்காவது போகும். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து தலைக்கு நேர் மேலே இல்லாமல், சற்று முன்னாலும் சற்று வலப்பக்கமும் இருப்பது நல்லது. இதற்கு எளிய பயிற்சி ஒன்று உண்டு. முன்காலுக்கு எதிரே தரையில் மட்டையைக் கிடத்தி, பந்தை உயர்த்தி அடிக்காமல் விழ விடுங்கள். அது மட்டையின் தலைமேல் விழ வேண்டும். பத்துக்கு எட்டு முறை விழும் வரை பழகலாம். இதற்குத் திடல்கூடத் தேவையில்லை. வீட்டு வாசல் போதும். இன்னொன்று: உயர்த்திய பந்து சரியில்லை என்றால் அடிக்காமல் விட்டு, மீண்டும் உயர்த்த விதி இடம் தருகிறது. மட்டையை வீசாதவரை அது தவறாகாது. போட்டியில் பலர் இதை மறந்து, கோணல் பந்தையும் துரத்தி அடித்துப் புள்ளியை இழக்கிறார்கள்.

நான்காவது, இவை அனைத்தையும் இணைப்பது. பின்கோட்டுக்கு ஓடாமல் சர்வ் கட்டத்தின் கோட்டிலிருந்து தொடங்கி, பத்துக்கு ஏழு உள்ளே விழுந்தால் இரண்டு அடி பின்னுக்கு நகரலாம். பந்தைத் தொடும் வரை கால் பின்கோட்டை மிதிக்கக் கூடாது என்பதையும் தொடக்கத்திலேயே பழக்கிவிட வேண்டும்.

பூப்பந்து தந்த வரமும் வழக்கமும்

நம் நாட்டில் பூப்பந்து மட்டையைத் தொடாத பிள்ளையைக் காண்பது அரிது. பூப்பந்து 'ஸ்மாஷ்' அடிக்கும்போது முன்கை உட்புறமாகச் சுழல்கிறதல்லவா, டென்னிஸ் சர்விலும் அதே சுழற்சிதான். மற்ற நாட்டுப் பிள்ளைகள் பாடுபட்டுக் கற்பதை நம் பிள்ளைகள் வாசலிலேயே கற்றுவிடுகிறார்கள். இது வரம். ஆனால் பூப்பந்து மட்டையின் எடை நூறு கிராமுக்கும் குறைவு. டென்னிஸ் மட்டையோ அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. பூப்பந்தில் செய்வது போல் மணிக்கட்டை மட்டும் நம்பினால் மணிக்கட்டும் முழங்கையும் வலிக்கும். சுழற்சியை வைத்துக் கொண்டு, விசைக்குக் காலையும் இடுப்பையும் நாட வேண்டும்.

இரண்டாம் வாய்ப்பு

டென்னிஸ் இரக்கமுள்ள விளையாட்டு. முதல் சர்வ் தவறினால் இன்னொரு வாய்ப்பு தரும். அதையும் தவறவிட்டால் எதிராளி மட்டையை அசைக்காமலேயே புள்ளி பெறுவார். இந்த அச்சத்தால் பிள்ளைகள் முதல் சர்வை மூர்க்கமாக அடித்துவிட்டு, இரண்டாவதைக் கைநடுக்கத்தோடு தள்ளிவிடுகிறார்கள். வீச்சு மெதுவாகும்போது பந்தின் சுழற்சி குறைகிறது. சுழற்சி குறைந்தால் பந்து கட்டுப்பாட்டில் இராது. இரண்டாம் சர்விலும் மட்டை அதே வேகத்தில் வீசப்பட வேண்டும். மட்டை பந்தை நேராக மோதாமல் அதன் பக்கவாட்டைச் சீவிச் செல்வதுதான் மாற்றம். ஆகவே சுழல் சர்வை முதலில் கற்று, வேகத்தைப் பிறகு சேர்ப்பதே நல்ல வரிசை என்பது என் கருத்து. முதுகை அதிகம் வளைத்து அடிக்கும் 'கிக்' சர்வை வளரும் பிள்ளைகள் அவசரப்பட்டுத் தொட வேண்டாம். இடுப்பெலும்பும் முதுகும் உறுதி பெறட்டும்.

சென்னையிலிருந்து ஒரு பாடம்

நம் இனத்தவர் டென்னிசில் எட்டிய உயரத்தை நினைத்தால் கிருஷ்ணன் குடும்பமே முதலில் நினைவுக்கு வரும். இராமநாதன் கிருஷ்ணனுக்கு ஆட்டம் கற்பித்தவர் அவருடைய தந்தை டி.கே. இராமநாதன். 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்ற இராமநாதன் கிருஷ்ணன், 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் ஒற்றையர் அரையிறுதிக்கு முன்னேறினார். அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-இல் விம்பிள்டன், பிரெஞ்சு ஆகிய இரண்டு இளையோர் பட்டங்களையும் வென்றார்.

ரமேஷின் சர்வ் வேகம் குறைந்தது என்பது டென்னிஸ் உலகம் அறிந்த செய்தி. ஆயினும் 1989 ஆஸ்திரேலியப் பொது விருதில், அப்போது உலகின் முதல்நிலை ஆட்டக்காரராகவும் நடப்பு வெற்றியாளராகவும் இருந்த மேட்ஸ் விலாண்டரை நேர் செட்டுகளில் வீழ்த்தினார். குறி தவறாத கையும் முன்கூட்டியே சிந்திக்கும் மூளையும் வேகத்தை வெல்லும் என்பதற்கு இது சான்று. அதே வேளை, வேகமான சர்வ் இல்லாததால் மற்றவர்கள் ஒரே அடியில் பெறும் புள்ளிக்கு அவர் பல அடிகள் உழைக்க வேண்டியிருந்தது என்பதையும் மறுக்க இயலாது. அடுத்த தலைமுறையில் வந்த சென்னை இராம்குமார் இராமநாதனுக்கோ சர்வ்தான் பெரிய ஆயுதம். அவர் 2018-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் போட்டியில் இறுதியாட்டம் வரை சென்றார். இரண்டு பேரும் நமக்குச் சொல்வது ஒன்றே: முதலில் குறி, அதன்மேல் வேகம்.

தோள் ஒன்றுதான்

இந்த வரிசையை நான் தலைகீழாகக் கற்றவன். படிவம் இரண்டில் படிக்கும்போது எனக்கு வேகம்தான் எல்லாம். மாவட்டப் போட்டிக்கு முன் ஒரு மாதம், பள்ளி முடிந்ததும் தினமும் கூடை கூடையாகச் சர்வ் அடித்தேன். மூன்றாவது வாரம் தோளில் வலி தொடங்கியது. சொன்னால் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று மறைத்தேன். அம்மா தைலம் தேய்க்கும்போதுகூட, "பேக் கனம்மா" என்று பொய் சொன்னேன். போட்டி நாளில் முதல் ஆட்டத்தின் இரண்டாம் செட்டில் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. பாதியில் விலகினேன். அந்த ஆண்டு முழுவதும் மட்டையைத் தொடவில்லை. யாரையும் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. நான்தான் வாயைத் திறக்கவில்லை.

வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் இன்னும் முற்றாத குருத்தெலும்புப் பகுதி உண்டு. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் தோளிலும் முழங்கையிலும் அப்பகுதி பாதிக்கப்படலாம். இன்று நான் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் விதிகள் எளியவை. உடலைச் சூடாக்காமல் சர்வ் இல்லை. ஒரு நேரத்தில் ஐம்பது சர்வுக்கு மேல் இல்லை. அடுத்தடுத்த நாள்களில் கடும் பயிற்சி இல்லை. வலித்தால் அன்றே நிறுத்தி வீட்டில் சொல்ல வேண்டும். தொடர்ந்து வலித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். வலியைச் சொல்வது கோழைத்தனம் அன்று.

நிறைவாக

பல்கலைக்கழகத்தில் பயிலும் நாம் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது இரண்டு பழைய மட்டைகளையும் ஒரு பை பழைய பந்துகளையும் கொண்டு போகலாம். திடல் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கயிறு கட்டி, தரையில் கோடு போட்டு, எறியச் சொல்லிக் கொடுத்தாலே போதும்.

சென்ற விடுமுறையில் பத்து வயதுப் பையன் ஒருவன் கயிற்றுக்கு மேலே பந்தை எறிந்து, அது கோட்டுக்குள் விழுந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணே, இது மாங்கா அடிக்கிற மாதிரியே இருக்கே!" என்றான். "அதேதான்டா," என்றேன். மறுநாள் காலை நான் எழுவதற்கு முன்பே அவன் வாசலில் மட்டையைக் கிடத்தி, அதன்மேல் பந்தை விழ வைத்துக் கொண்டிருந்தான்.