மின்சாரக் கார் வைத்திருக்கிறீர்களா? வாரண்டி முடியும் முன் செய்ய வேண்டியவை

என் தங்கையின் கணவர் தம்மாமில் வேலை செய்கிறார். பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், வாப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகவும் வசதியாக இருக்குமே என்று ஊரில் ஒரு மின்சாரக் கார் வாங்கிக் கொடுத்திருந்தார். இரண்டரை ஆண்டு வரை ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு, இரவில் சார்ஜ் போட்டால் பாதியில் நின்றுவிட ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை காட்டினார்கள். "சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாச்சும்மா, இனி வராது" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு தாள்கூட இல்லை.

மூன்றாவது முறை போனபோது, "நான் சொல்வதை அப்படியே எழுதி ஜாப் கார்டு கொடுங்கள்" என்று தங்கை பிடிவாதமாகக் கேட்டு வாங்கினாள். அப்போது வாரண்டி முடிய 11 நாள்தான் இருந்தது. ஒன்றரை மாதம் கழித்து சார்ஜ் ஏறுவது அடியோடு நின்றது. "வாரண்டி முடிந்துவிட்டது, ஆன்போர்டு சார்ஜர் மாற்ற வேண்டும், ஒரு இலட்சத்துக்கு மேல் ஆகும்" என்றார்கள். அந்த ஜாப் கார்டை எடுத்து முன்னால் வைத்த பிறகுதான் பேச்சு மாறியது. மூன்று வாரம் அலைய விட்டாலும், கடைசியில் பணம் வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

அந்த ஒரு தாள் இல்லாதிருந்தால், வெளிநாட்டில் வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு வீணாகப் போயிருக்கும். மின்சாரக் கார் வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவரும் நேரம் இது. எனவே இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரு காரில் எத்தனை வாரண்டி?

"எட்டு வருஷம் வாரண்டி இருக்கிறது" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த எட்டு ஆண்டு பெரும்பாலும் பெரிய பேட்டரிக்கும் மோட்டாருக்கும் மட்டுமே. நம் நாட்டில் விற்கும் பல மின்சாரக் கார்களுக்கு இது 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று இருக்கிறது. இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுதான் கணக்கு.

காரின் மற்ற பாகங்களுக்குத் தனி வாரண்டி. பொதுவாக அது 3 ஆண்டு. வீட்டு மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றவாறு மாற்றும் ஆன்போர்டு சார்ஜர், ஏ.சி., திரை, பூட்டு, சஸ்பென்ஷன் ஆகியவை எந்த வாரண்டியில் வருகின்றன என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முன்பக்கம் இருக்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரிக்கும் டயருக்கும் வேறு கணக்கு. சில நிறுவனங்கள் இப்போது பேட்டரிக்கு ஆயுட்கால வாரண்டியும் தருகின்றன. அது முதல் உரிமையாளருக்கு மட்டுமா என்பதைப் படித்துப் பாருங்கள். பழைய கார் வாங்குபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

ஆகவே முதல் வேலை, வாரண்டிப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பாகத்துக்கும் முடியும் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு தாளில் எழுதி வைப்பது. எந்தத் தேதியிலிருந்து வாரண்டி தொடங்குகிறது என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் முன்பே சோதியுங்கள்

கடைசி வாரத்தில் ஓடக்கூடாது. பாகம் வர நாளாகலாம், பழுது உடனே கண்ணில் படாமலும் போகலாம். மூன்று மாதம் இருக்கும்போதே இவற்றைக் கவனியுங்கள்:

1. சார்ஜ் ஏறுவது: வீட்டில் மெதுவாக ஏற்றும்போது நின்றுவிடுகிறதா? உடனே காரைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் எர்த் சரியில்லை என்றாலும் இப்படி நிற்கும். நல்ல எர்த் உள்ள வேறோர் இடத்தில் போட்டுப் பாருங்கள். அங்கும் நின்று, வேகச் சார்ஜ் நிலையத்தில் மட்டும் ஒழுங்காக ஏறினால், சந்தேகம் ஆன்போர்டு சார்ஜர் பக்கம் திரும்பும். ஏனென்றால் வேகச் சார்ஜ் அதைத் தொடாமல் நேராகப் பேட்டரிக்குப் போகிறது. இந்தச் சோதனையை முதலிலேயே செய்து வைத்தால், "உங்கள் வீட்டு வயரிங்தான் கோளாறு" என்று அவர்கள் திருப்பி அனுப்ப முடியாது.

2. ஓடும் தூரம்: 100 சதவீதம் ஏற்றி, வழக்கமான சாலையில், வழக்கமான வேகத்தில் 20 சதவீதம் வரை ஓட்டுங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று குறித்து வையுங்கள். புதிதில் ஓடியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏ.சி., வேகம், ஆட்களின் எடை ஆகியவையும் தூரத்தைக் குறைக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

3. திடீர் சரிவு: 20 சதவீதம் காட்டிய பேட்டரி கொஞ்ச நேரத்தில் 5 சதவீதத்துக்கு விழுந்தால், உள்ளே ஏதோ ஒரு செல் மற்றவற்றைவிட பலவீனமாக இருக்கலாம். உங்கள் காரில் எல்.எஃப்.பி. வகை பேட்டரி இருந்தால், புகார் செய்யும் முன் ஒருமுறை 100 சதவீதம் வரை மெதுவாக ஏற்றுங்கள். இந்த வகையில் சதவீதக் கணக்கு தடுமாறுவது உண்டு, முழுதாக ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதன் பிறகும் விழுந்தால் அது பழுதுதான்.

4. மற்றவை: சிறிய பேட்டரி அடிக்கடி இறங்குவது, மோட்டார் பக்கம் புதிய இரைச்சல், குளிரூட்டும் திரவம் குறைவது, மழைக்குப் பின் எச்சரிக்கை விளக்கு எரிவது.

பேட்டரியின் ஆரோக்கிய அளவை எழுத்தில் தரும்படி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் மட்டுமே வாரண்டியில் மாற்றுவார்கள். பல நிறுவனங்கள் வைத்திருக்கும் எல்லை 70 சதவீதம். புதிதில் 300 கிலோமீட்டர் ஓடிய கார் 240 ஓடுகிறது என்றால் மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அது 80 சதவீதம், அந்த எல்லைக்குள் வராது. 210க்குக் கீழே போனால்தான் பேச இடமுண்டு.

எழுத்தில் இருந்தால்தான் புகார்

சர்வீஸ் சென்டரில் வாயால் சொன்னது சொல்லாததற்குச் சமம். உங்கள் குறையை ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். "பொதுச் சோதனை" என்று எழுதினால் ஒப்புக்கொள்ள வேண்டாம். தேதி, கிலோமீட்டர் இரண்டும் இருக்கட்டும். எச்சரிக்கை விளக்கு எரியும்போதே படமும் வீடியோவும் எடுங்கள், அவர்கள் முன்னால் அது எரியாமல் போகலாம். "கோளாறு எதுவும் இல்லை" என்று சொன்னால் அதையும் எழுதி வாங்குங்கள். பாகம் வரவில்லை, காத்திருங்கள் என்றால், வாரண்டிக் காலத்துக்குள் புகார் பதிவானது என்பதை நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள்.

கார் கணவர் பெயரில் இருந்து அவர் வெளிநாட்டில் இருந்தால், நிறுவனத்தில் பதிவான அவருடைய மின்னஞ்சலிலிருந்து, "என் மனைவி அல்லது மகன் என் சார்பில் பேசுவார்" என்று ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். "ஓனர் வரட்டும்" என்ற சாக்கு அதோடு தீரும்.

வாரண்டியில் வராதவை

அடிப்பாகம் கல்லில் மோதியது, விபத்து, வெள்ளம் ஆகியவை வாரண்டியில் வராது. அவை இன்சூரன்ஸ் கணக்கு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. காரில் தண்ணீர் புகுந்தால் ஆன் செய்யாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். முதலில் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள்.

சர்வீஸைத் தவறவிடுவதும், வெளியே வயரை வெட்டி விளக்கு, ஹாரன் மாட்டுவதும் வாரண்டி மறுக்கக் காரணமாகும். "நம்ம பையன் பார்த்துக்குவான்" என்று தெரிந்த மெக்கானிக்கிடம் பெரிய பேட்டரியைத் திறக்கக் கொடுக்கவே கூடாது. பல கார்களில் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. வாரண்டி போவது ஒருபுறம், உயிரே போகும்.

மறுத்தால் என்ன செய்வது?

முதலில் நிறுவனத்தின் மேலதிகாரிக்கு ஆவணங்களுடன் மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் வழி பிறக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காருக்குக் கொடுத்த விலை 50 இலட்சம் வரை இருந்தால் அங்கேயே வழக்குப் போடலாம். விலை 10 முதல் 20 இலட்சம் என்றால் கட்டணம் 400 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். வாடகைக்கு ஓட்டும் காருக்கு விதிகள் வேறு. சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டுபவருக்கு மட்டும் சட்டம் இடம் தருகிறது.

இன்னொன்று: தயாரிப்பிலேயே குறை இருந்தால் நிறுவனங்கள் கார்களைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்கின்றன. 2024இல் ஹூண்டாய் இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 கார்களை, சிறிய பேட்டரியையும் சார்ஜ் செய்யும் ஒரு பாகத்துக்காக இப்படி அழைத்தது. உங்கள் காரின் சேஸிஸ் எண்ணைச் சொல்லி, அப்படி ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்றிரவு கார் சாவியை மாட்டும்போது வாரண்டிப் புத்தகத்தையும் வெளியே எடுங்கள். முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பாக உங்கள் கைபேசியில் ஒரு நினைவூட்டல் வையுங்கள். கணவர் வெளிநாட்டில் இருந்தால் அவர் கைபேசியிலும் ஒன்று இருக்கட்டும்.