மேலே ஒரு மாடி, கீழே ஒரு குழி

தே தாரிக் ஆறட்டும் தம்பி, நிதானமாகப் பேசுவோம். ஸ்கூடாயில் அப்பா வாங்கிய தரைவீடு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அம்மாவும் கூடவே இருக்கிறார், வேறு வீடு வாங்கலாம் என்றால் விலை எட்டவில்லை. இருக்கிற வீட்டின் மேலேயே இரண்டு அறை எடுக்கலாம் என்கிறீர்கள். நியாயமான ஆசை. ஆனால் கொந்திராக்டர் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கெட்டியாத்தான் இருக்கு, தூக்கிடலாம்" என்று சொன்னதாகச் சொன்னீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. தட்டினால் சத்தம் கேட்கும், பாரம் தெரியாது.

பாரத்தைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். இன்று உங்கள் தூண்களின் தலையில் இருப்பது ஓடும் மரச்சட்டமும் சீலிங்கும்தான். சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டாது. மேலே 10 அடிக்கு 12 அடியில் ஓர் அறை கட்டுகிறோம் என்று வையுங்கள். 5 அங்குலக் கொங்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோ. அறைக்கு 3 டன்னுக்கு மேல். நாலு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பி இருபுறமும் பூசினால், கதவு சன்னல் போக 8 டன்னுக்குக் குறையாது. ஆட்கள், கட்டில், அலமாரி எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொறியாளர் ஒதுக்குவது சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. ஒன்றரை டன் சொச்சம். பார்த்தீர்களா, நாம் பயப்படுவது மேலே குடியேறப்போகும் ஆட்களின் கனத்தை நினைத்து. உண்மையில் சுவர்தான் எல்லாவற்றையும்விடக் கனம்.

ஜொகூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்ததை மறக்கக் கூடாது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் 6 மாடி லியான் யாக் கட்டடம். நியூ வேர்ல்டு ஹோட்டல் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். 1986 மார்ச் 15 அன்று ஒரு நிமிடத்துக்குள் மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. 33 பேர் மாண்டார்கள். விசாரணையில் தெரிந்தது என்ன? வரைபடம் போட்டபோது ஆட்களுக்கும் பொருட்களுக்கும் கணக்கு இருந்தது. கட்டடத்தின் சொந்தக் கனத்துக்குக் கணக்கே இல்லை. பிறகு கூரையில் பெரிய குளிர்விப்புச் சாதனங்களை வேறு ஏற்றினார்கள். அப்படியும் அது 15 ஆண்டு நின்றது. "பக்கத்து வீட்டிலும் மாடி எடுத்தார்கள், பத்து வருசமாக ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொன்னால் அந்த 15 ஆண்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மண். நம் தாமான்கள் பலவும் ரப்பர்த் தோட்டத்து மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி எழுந்தவை. வெட்டிய பக்கத்து வீடு கெட்டி நிலத்தில் நிற்கும்; அதே தெருவில் நிரப்பிய பக்கத்து வீடு அப்படி இல்லை. பொந்தியான், பத்து பகாட் கரையோரம் போனால் சதுப்பும் கடற்களிமண்ணும். களிமண் தண்ணீரை மெதுவாகத்தான் விடும்; பாரம் ஏற்றினால் வருடக்கணக்கில் அமுங்கும். பழைய வீடுகள் சிலவற்றின் அடியில் பாக்காவ் எனும் அலையாத்தி மரக் கட்டைகள் இருக்கும். நிலத்தடி நீருக்குள் மூழ்கியிருக்கும் வரை அவை நிலைக்கும். நீர்மட்டம் இறங்கினால் உளுத்துப்போகும். பின்பக்கம் மட்டும் மாடி எடுத்தால் இன்னொரு சிக்கல்: முன்பக்கம் எப்போதோ அமுங்கி முடித்துவிட்டது, பின்பக்கம் இனிமேல்தான் தொடங்கும். சேருமிடத்தில் விரிசல் விழும். பூசிப் பூசி மறைத்தாலும் திரும்ப வரும்.

அப்படியானால் முடியவே முடியாதா? முடியும். பழைய தூண்களை நம்பாமல், புதுத் தூண்களைத் தனி அஸ்திவாரத்தில் இறக்கி, மாடியை அவற்றின் மேல் நிறுத்துவது என் மனத்துக்குப் பிடித்த வழி. இரும்புச் சட்டமும் இலேசான காற்றடைத்த கொங்கிரீட் கல்லும் போட்டால் பாரம் நன்றாகக் குறையும். உங்களுடையது வரிசை வீடு. இடைச் சுவரில் பாதி பக்கத்து வீட்டுக்காரருடையது. புது உத்தரத்தை அதன்மேல் உட்கார வைக்கக் கூடாது.

படிக்கட்டை யாரும் முதலில் நினைப்பதில்லை. 1984-இன் சீரான கட்டடத் துணைவிதிப்படி ஒரு படி 180 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, கால் வைக்கும் இடம் 255-க்குக் குறையக் கூடாது. 3.1 மீட்டர் ஏற 18 படி வேண்டும். நேராக வைத்தால் ஏறத்தாழ 14 அடி நீளம். கீழே ஓர் அறையே போய்விடும். அது அம்மாவின் அறையாக இருக்க வேண்டாம், தம்பி. முழங்கால் வலியோடு அவர் மேலே ஏறப்போவதில்லை.

அனுமதி விஷயம் நேரானது. 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு, நகராட்சியின் எழுத்துபூர்வ அனுமதியில்லாமல் கட்டக் கூடாது என்கிறது. வேலை முடிந்ததும் சிசிசி எனும் நிறைவு, இணக்கச் சான்றிதழ் வேண்டும். முன்பு நகராட்சி கொடுத்துவந்த சான்றிதழுக்குப் பதிலாக 2007-இல் வந்த ஏற்பாடு இது. இப்போது பொறுப்பேற்றுக் கையெழுத்திடுபவர், வரைபடத்தைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞர், பொறியாளர் போன்ற தகுதிபெற்றவர்தான். ஆகவே "வரைபடம் எவ்வளவு?" என்று கேட்குமுன், "யார் கையெழுத்துப் போடுவார்?" என்று கேளுங்கள்.

வரைபடத்துக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வீட்டின் மூலைத் தூணை ஒட்டி, பொறியாளர் பக்கத்தில் நிற்க, அஸ்திவாரம் தெரியும் வரை ஒரு குழி தோண்டச் சொல்லுங்கள். எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், கீழே செம்மண்ணா களியா, தண்ணீர் ஊறுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த தே தாரிக் அதற்கப்புறம்.